கடலடிச் சேற்றில் புதையும் காபன் பூமியைக் குளிரவைக்குமா? நந்திக்கடல் சேற்றை முன்வைத்து ஒரு கேள்வி

இரணைமடுக்கரை எழுதியது:

உயர்தர வகுப்பில் காபன் வட்டத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்ட கேள்வி இரண்டு கிழமையாக என்னை விடவில்லை. "சேர், முன்பும் பூமி சூடாகியிருக்கிறது, அப்போது கடல் காபனைச் சேற்றில் புதைத்துப் பூமியைத் திரும்பக் குளிரவைத்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படியென்றால் இப்போதும் கடல் அதையே செய்துவிடாதா, பிறகு நாங்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும்?" காலம் போதாது என்று ஒரு வரியில் சொல்லி அவனை இருத்திவிட்டேன். அந்தப் பதில் அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

ஆகவே நாங்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். வட்டுவாகல் பக்கத்தில் நந்திக்கடல் களப்பின் ஓரத்துச் சேறு ஒரு வாளியும், எங்கள் குளத்து அடிச் சேறு ஒரு வாளியும் எடுத்து வந்தோம். களப்புச் சேறு கரியைப் போலக் கறுத்து, அழுகிய முட்டை மணத்தோடு இருந்தது. குளத்துச் சேறு சாம்பல் கலந்த மண்ணிறம், மணம் பெரிதாக இல்லை. ஒட்சிசன் இல்லாத சேற்றில் சேதனப் பொருள் அழுகாது, ஆகவே களப்புச் சேற்றில்தான் காபன் கூட இருக்கும் என்று வகுப்பு முழுவதும் ஒரே முடிவாகச் சொன்னது. இரண்டையும் வெயிலில் காயவைத்து நிறுத்து, பாடசாலைக்குப் பக்கத்துச் செங்கல் சூளையில் இரண்டு மண்சட்டிகளில் வைத்து எரித்து, மறுநாள் திரும்ப நிறுத்தோம். களப்புச் சேறு இழந்த நிறை குளத்துச் சேறு இழந்ததிலும் நன்றாகவே கூடுதலாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி.

என் கேள்வி இதுதான். பழைய வெப்பக் காலங்களில் கடலடியில் காபன் பெருமளவிற் புதைந்ததற்கு ஒட்சிசன் இன்மைதான் காரணமா? அவ்வாறாயின், இன்றைய கடல்கள் சூடாகி ஒட்சிசனை இழந்துவருவது ஒரு வகையில் நன்மையாக முடியுமா?

பாறைப்பித்தன் எழுதியது:

மாஸ்ரர், முதலில் சோதனையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். அந்த மாணவனுக்கு உரிய பதில் கணக்கிற்குள் இருக்கிறது.

கடலின் மேற்படையில் மிதவையுயிர்கள் ஒளித்தொகுப்பின் மூலம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5000 கோடி தொன் காபனைப் பிடிக்கின்றன. அதில் மிகப் பெரும்பகுதியை மேற்படையிலேயே மற்ற உயிர்கள் தின்று மூச்சாக வெளியேற்றிவிடுகின்றன. எஞ்சியது கீழே விழும்போதும், அடியில் விழுந்த பின்னரும் பற்றீரியாக்களுக்கு இரையாகிறது. இவ்வளவையும் தாண்டி அடையலுக்குள் நிலையாகப் புதைவது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி தொன் அளவுதான்; நூற்றுக்கு ஒன்றைக்கூட அது எட்டாது. நாம் நிலக்கரி, எண்ணெய், வாயு ஆகியவற்றை எரித்து ஆண்டுதோறும் வெளிவிடும் காபனோ ஏறத்தாழ 1000 கோடி தொன். இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 20 கோடி தொன்னும் ஏற்கெனவே செலவெழுதி முடிந்த தொகை. பழைய பாறைகள் தேய்ந்து வெளிவிடும் காபனுக்கும் எரிமலைகள் கக்கும் காபனுக்கும் ஈடாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பங்கிற்கு உதவ வேண்டுமானால் அந்தத் தொகைக்கு மேலாகப் புதைய வேண்டும்.

நாம் வெளிவிடுவதில் காற்பங்கை இன்று கடல் உறிஞ்சுகிறது என்று வாசிக்கிறோமே, அது வேறு கணக்கு. அது நீரில் கரைதல். கரைவதையும் புதைவதையும் ஒன்றாக்கி எழுதும் கட்டுரைகள் நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனிப் பழைய காலத்துக்கு வருவோம். 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பலியோசீன் காலம் முடிந்து இயோசீன் தொடங்கும் எல்லையில், பூமியின் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியசு வரை உயர்ந்தது. காற்றுக்கும் கடலுக்கும் பல்லாயிரங் கோடி தொன் அல்ல, பல இலட்சங் கோடி தொன் காபன் வந்து சேர்ந்தது; ஆனால் அது பல ஆயிரம் ஆண்டுகளில் வந்தது. ஆண்டுக் கணக்கில் 100 கோடி தொன் அல்லது அதற்கும் குறைவு என்பதே மதிப்பீடு. அந்தச் சூடு தணிந்து காபன் அளவு பழைய நிலைக்கு அண்மித்து வர ஒன்றரை இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் தணிவிற்குச் சேதனக் காபனின் புதைவும், சிலிக்கேற்றுப் பாறைகள் மழையிற் தேயும்போது காற்றின் காபனீரொட்சைட்டைப் பிணைத்துக்கொண்டதும் சேர்ந்து உதவின. ஆகவே "கடல் செய்துவிடாதா" என்ற கேள்விக்கு "செய்யும்" என்பதே பதில். ஆனால் இரணைமடுவில் வான் பாய்கிற வெள்ளத்தைக் கைச்சிரட்டையால் இறைக்கிறவனும் இறைக்கத்தான் செய்கிறான்.

சோதனையைப் பற்றி இரவில் எழுதுகிறேன். அதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது.

வட்டுவாகலான் எழுதியது:

மாஸ்ரர் சேறு அள்ளிய நாளில் நானும் பாலத்தடியில் நின்றேன். நான் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளாக அந்தக் களப்பில் இறங்கி நடக்கிறவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஒட்சிசன் இல்லாமற் போவது நன்மையாக முடியுமா என்று நீங்கள் கேட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது. காலபோகத்துக்குப் பசளை எறிந்த பிறகு வருகிற மழையோடு களப்புத் தண்ணீர் பச்சை பிடிக்கும். காற்றும் விழுந்து, மப்பும் மந்தாரமுமாக இரண்டு நாள் இருந்தால், விடியற்புறத்தில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அன்றைக்கு வலையில் வருவது பாதி செத்த மீன். முகத்துவாரம் வெட்டிக் கடல் தண்ணீர் உள்ளே வந்தாற்றான் களப்பு மூச்சு விடும். அந்தச் சேற்றில் எவ்வளவு காபன் புதைந்தாலும் என் வீட்டு அடுப்பு அதனால் எரியாது.

பாறைப்பித்தன் எழுதியது:

அண்ணை, நீங்கள் எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்களின் பெரும்பகுதியில் நடந்ததும் இதே கதைதான். அக்காலத்தில் எரிமலைப் பெருக்கம் ஒன்று காற்றிற் காபனீரொட்சைட்டைக் கூட்டியது. சூடு கூடியது, மழை கூடியது, மழை நிலத்தைக் கரைத்துப் பொசுபரசை ஆறுகள் வழியே கடலிற் சேர்த்தது. நீர் பச்சை பிடித்தது. செத்தவை அழுகி அடிநீரின் ஒட்சிசனைத் தீர்த்தன. இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒட்சிசன் உள்ள சேறு பொசுபரசை இரும்பு ஒட்சைட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். ஒட்சிசன் போனதும் அந்தப் பிடி விட்டு, பொசுபரசு திரும்ப நீருக்குள் வரும், நீர் இன்னும் பச்சை பிடிக்கும். தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் நோய் அது. பல இலட்சம் ஆண்டுகள் அது நீடித்தது.

இத்தாலியில் குபியோ நகருக்கு அண்மையில் வெள்ளைச் சுண்ணக்கல்லின் நடுவே ஏறத்தாழ ஒரு மீற்றர் தடிப்பில் கறுத்த படை ஒன்று தெரிகிறது. பொனரெல்லிப் படை என்பார்கள். அதே காலத்துக் கறுப்புக் களிப்பாறைகள் அத்திலாந்திக்கின் அடியிலும் வேறு பல இடங்களிலும் கிடைத்ததால், 1976 இல் சிலாங்கர், ஜென்கின்சு ஆகிய இருவரும் இவை உள்ளூர்ச் சம்பவங்கள் அல்ல, கடல் பரந்த நிகழ்வுகள் என்று வாதிட்டு அவற்றுக்கு ஒட்சிசனற்ற கடல் நிகழ்வுகள் என்று பெயரிட்டார்கள். அந்தப் புதைவு வேலை செய்ததற்குச் சான்றும் உண்டு: அந்த நிகழ்வின் நடுவிலேயே கடல் சில பாகை குளிர்ந்த ஓர் இடைக்காலம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே நிகழ்வில் கடலடியில் வாழ்ந்த எத்தனையோ உயிர்வகைகள் அழிந்துபோயின. மாஸ்ரரின் "நன்மையாக முடியுமா" என்ற கேள்விக்கு வட்டுவாகல் அண்ணை சொன்னதற்கு மேலாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இனிச் சோதனை. களப்புச் சேற்றில் சிப்பித் தூள் நிறைய இருக்கும். செங்கல் சூளையின் சூட்டில் கல்சியம் காபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேறும். தூய சிப்பி நூறு கிராம் முழுதாக உடைந்தால் 44 கிராம் போய்விடும். நீங்கள் சேதனக் காபனை நிறுக்கவில்லை, மட்டியை நிறுத்தீர்கள். உப்பும் கழுவப்படவில்லை. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு நுரைத்தல் நிற்கும்வரை பொறுத்து, திரும்பக் கழுவிக் காயவைத்து, 550 பாகை அளவில் எரிக்க வேண்டும். அமிலம் விடும்போது கட்டாயம் வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். அந்தச் சேற்றின் கறுப்பு பெரும்பாலும் காபன் அன்று, இரும்புச் சல்பைட்டு. அமிலம் பட்டதும் ஐதரசன் சல்பைட்டு வாயு வரும். அது நஞ்சு.

முருங்கன் மாணவி எழுதியது:

நான் இந்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறேன். கறுப்பு நிறம் காபன் அன்று என்றால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் காபன் கூடப் புதைந்தது என்பதை மட்டும் எவ்வாறு அறிகிறார்கள், அண்ணா? கறுப்புப் பாறை கிடைக்காத இடங்களும் உலகில் இருக்குமே.

இன்னொன்று. எங்கள் அம்மப்பா பேசாலையில் 1970களில் எண்ணெய் தேடிச் சோவியத் உதவியோடு கிணறு துளைத்ததைப் பற்றி அடிக்கடி சொல்வார். 2011 இல் மன்னார்க் கடலில் வாயு கண்டதாகவும் செய்தி வந்தது. அதுவும் இப்படிப் புதைந்த காபன்தானா?

பாறைப்பித்தன் எழுதியது:

ஆம் தங்கச்சி, மன்னார்ப் படுகையின் வாயுவும் பழைய கடலடி அடையல்களிற் புதைந்து, ஆழத்தில் வெந்து உருமாறிய சேதனப் பொருளிலிருந்து வந்ததுதான். இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லப் பூட்டி வைத்ததை நாம் இரண்டு நூற்றாண்டுகளில் திறந்துகொண்டிருக்கிறோம்; மாஸ்ரரின் மாணவனுக்கு இதையும் சொல்லலாம்.

உங்கள் முதற் கேள்வி மிக நல்ல கேள்வி. காபனில் நிலையான சமதானிகள், அதாவது நிறையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள், இரண்டு: காபன் 12, காபன் 13. ஒளித்தொகுப்பு செய்யும் உயிர் இலேசான காபன் 12 ஐ விரும்பி எடுக்கும். நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு போய், பாரமான மணி களத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சேதனப் பொருள் கூடுதலாகப் புதைந்தால் இலேசான காபன் சேற்றுக்குள் போய்விடும்; கடல்நீரில் பாரமான காபன் 13 இன் விகிதம் உயரும். அந்த நீரில் ஓடு கட்டும் சிப்பியும் நுண்ணுயிரும் அந்த விகிதத்தையே தம் ஓட்டிற் பதிந்துவைக்கும். ஆகவே கறுப்புப் பாறை எங்கே புதைந்து கிடந்தாலும், அதன் செய்தி உலகின் மறுபக்கத்து வெள்ளைச் சுண்ணக்கல்லில் எழுதப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நாம் பார்க்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அதே மயோசீனில், ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, உலகக் கடல் ஓடுகளிற் காபன் 13 உயர்ந்த நீண்ட காலம் ஒன்று உண்டு. கலிபோர்ணியாவின் மொன்ரெறேப் பாறைகளை வைத்து எடித் வின்சென்ற், வொல்ஃப்காங் பேர்கர் ஆகியோர் 1985 இல் முன்வைத்த கருதுகோள், பசிபிக் ஓரங்களிற் புதைந்த காபனே பிறகு அந்தாட்டிக்காவின் பனிப்படலம் பெருகக் காரணம் என்றது. என் தனிப்பட்ட கருத்தில் அது அழகான கதை, ஆனால் ஒரே ஓரத்தின் மேல் உலகத்தின் பாரத்தை ஏற்றிவிட்ட கதை.

கட்டுக்கரைக் கமக்காரன் எழுதியது:

நான் மாட்டுக்கும் வயலுக்குமாக இரண்டு தொட்டிகளில் அசோலா என்ற மிதக்கும் பன்னத்தை வளர்க்கிறேன். ஆட்டிக் கடலை ஒரு காலத்தில் இந்த அசோலா மூடிக் கிடந்து, பூமியின் சூட்டையே குறைத்ததாக ஒரு காணொளியிற் பார்த்தேன். உண்மையென்றால் எங்கள் குளங்களில் விட்டு வளர்த்தால் என்ன? 2021 இல் இரசாயனப் பசளையை நிறுத்திச் சேதனப் பசளை செய்யுங்கள் என்று அந்தரப்படுத்தியபோது நாங்கள் பட்ட பாடு போதும். இனி யாராவது இதையும் திட்டமாகக் கொண்டு வருவதற்கு முன் விவரத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாறைப்பித்தன் எழுதியது:

ஐயா, மூடிக் கிடந்தது உண்மை. 2004 இல் வட துருவத்துக்கு அண்மையில், உலோமொனொசோவ் முகட்டில் துளைத்தெடுத்த அடையலில், 4 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படைகளில் அசோலாவின் வித்திகள் திரளாகக் கிடைத்தன. ஏறத்தாழ 8 இலட்சம் ஆண்டுகளாக அது திரும்பத் திரும்பப் பூத்துப் படர்ந்திருக்கிறது. அன்றைய ஆட்டிக், கரையால் சூழப்பட்ட ஒரு கடல். மேலே நன்னீர்ப் படை, கீழே ஒட்சிசனற்ற உவர்நீர். செத்த அசோலா கீழே போய் அங்கேயே தங்கியது. உங்கள் தொட்டியில் வளர்வது மாட்டின் வயிற்றுக்கும் வயலுக்கும் போய், அடுத்த போகத்துக்குள் காற்றுக்குத் திரும்பிவிடும். தண்ணீர் கட்டிய வயலில் அழுகினால் ஒரு பகுதி மெதேனாகக்கூடத் திரும்பும். வளர்ப்பது வேறு, புதைப்பது வேறு. மாட்டுக்குக் கொடுங்கள்.

இரணைமடுக்கரை எழுதியது:

சோதனையைத் திரும்பச் செய்தோம். பாறைப்பித்தன் சொன்னபடி முற்றத்து வேப்பமரத்தடியில் அமிலம் விட்டோம். களப்புச் சேறு சோடாவைப் போல நுரைத்தது. வந்த மணத்தில் பக்கத்து வகுப்பு யன்னல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. எரிப்பதற்கு, ஆய்வுகூட உலை கையில் உள்ள நண்பர் ஒருவர் உதவினார். இம்முறை முடிவு தலைகீழ். குளத்துச் சேறுதான் கூடுதலாக இழந்தது. மணமும் கறுப்பும் இல்லாத சேற்றில் எப்படிக் கூடுதலாகக் காபன் இருக்க முடியும் என்று பிள்ளைகள் முகம் வாடிவிட்டார்கள்.

பாறைப்பித்தன் எழுதியது:

முகம் வாட வேண்டாம் என்று சொல்லுங்கள். கடலியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அடிபடும் இடத்துக்கே அவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒட்சிசன் இன்மையே சேதனப் பொருளைக் காக்கிறது என்பது ஒரு கட்சி. 1990 இல் பெடர்சன், கல்வேர்ட் ஆகிய இருவரும் அதை மறுத்து, மேலிருந்து விழும் அளவுதான் முதன்மையானது என்று எழுதினார்கள். 1995 இல் எட்ஜசு, கீல் ஆகியோர் மூன்றாவது கோணத்தைக் காட்டினார்கள்: சேதனப் பொருளின் பெரும்பகுதி களித் துணிக்கைகளின் பரப்போடு ஒட்டிக்கொண்டுதான் பிழைக்கிறது, ஆகவே நொய்ந்த களி எங்கே எவ்வளவு விரைவாகப் படிகிறதோ, அங்கேதான் புதைவு கூட.

எங்கள் வாசலிலேயே உலகின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு கிடக்கிறது. கங்கையும் பிரமபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி தொன் அடையலைக் கொண்டு வருகின்றன. வங்காள விரிகுடாவின் அடியில் ஏறத்தாழ 3000 கிலோமீற்றர் நீளத்துக்கு, இலங்கைக்குக் கிழக்கால் கடந்து தெற்கே போகும் சேற்று விசிறி அது. 2015 இல் ஜோய்டெசு ரெசலூசன் என்ற துளைப்புக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, 8 பாகை வடக்கில், அதாவது கொக்கிளாய்க்கு ஒரு பாகை தெற்கே உள்ள கோட்டில், ஆழ்கடலில் ஏழு இடங்களைத் துளைத்துவிட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அந்த அடையலின் மணற் படைகளுக்குள் மரத்துண்டுகள் இருந்தன. மலைக்காட்டு மரம் வெள்ளத்தோடு ஆறு கடந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் வந்து, மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் புதைந்திருக்கிறது. கடந்த 1 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளாக இவ்வாறு நடந்து வந்ததை அப்படைகள் காட்டின. நிலத்திலிருந்து வந்து உலகக் கடல்களிற் புதையும் சேதனக் காபனில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு இந்த வங்காளப் படுகையில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விரிகுடாவில் ஒட்சிசன் குறைவாயிருப்பதும் துணைபுரிகிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் விரைவாக மேலே வந்து விழும் சேறு இல்லாவிட்டால் அது மட்டும் இவ்வளவைச் சாதித்திராது.

வட்டுவாகலான் எழுதியது:

மாஸ்ரர், நீங்கள் அள்ளிய இடம் பாலத்தடி. அங்கே ஓட்டம் கூட; காலை வைத்தால் மணல் நறநறக்கும். கண்டற் பற்றைக்குள் காலை வைத்தால் முழங்காலுக்கு மேல் வெண்ணெய்போல இறங்கும். துணிக்கை, களி என்று தம்பி சொல்வது அந்த வெண்ணெய்ச் சேற்றை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில் வந்தால் நானே காட்டுகிறேன்.

இரணைமடுக்கரை எழுதியது:

போனோம். அண்ணை சொன்ன இடத்தில் ஒரு மாணவனின் செருப்பு சேற்றோடு போய்விட்டது. கண்டலுக்கு அது காணிக்கை. இம்முறை மூன்று சேற்றையும் நொய் அரிப்பில் தண்ணீரோடு அரித்து, மணலை நீக்கி, களிப் பகுதியை மட்டும் அமிலமிட்டு எரித்தோம். குளம், பாலத்தடி, கண்டல் மூன்றும் இழந்த பங்கு ஒன்றுக்கொன்று மிக அண்மையாக வந்தது. கண்டல் மட்டும் சற்றுக் கூட. கறுப்புக்கும் மணத்துக்கும் மேலாக மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்பதுதான் இரண்டாம் சோதனையின் வித்தியாசத்தைக் கொடுத்திருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களாகவே எழுதினார்கள்.

முதற் கேள்வி கேட்ட மாணவன் கண்டற் சேற்றில் ஒரு போத்தல் எடுத்து, மேலே களப்புத் தண்ணீர் விட்டு, மூடாமல் யன்னலோரம் வைத்திருக்கிறான். ஒரு கிழமையாகிறது. சேற்றின் மேல் விளிம்பில் நகத்தின் தடிப்புக்கு மண்ணிறமாக ஒரு கோடு வந்திருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் கறுப்புத்தான். அடிமட்டமொன்றை ஒட்டி வைத்து, அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறான்.